அப்பா மாட்டிய டாக்டர் போர்டு

ஏழாயிரம்பண்ணை,
புதன்கிழமை மத்தியானம்.

என் அன்பு மகன் சாமுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் கிருபாவும் சின்னவனும் அந்த வெள்ளைக்கார ஊர்க் குளிரிலும் மழையிலும் உடம்புக்கு ஒன்றும் வராமல், கர்த்தருடைய கை உங்கள் மேல் இருக்க, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். என்னடா இது, அம்மா போனில் பேசாமல் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பாய். போனில் உன்னோடு என்ன பேச முடிகிறது சொல்லு? ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காரை ஓட்டுவாய், ஒரு பக்கம் சின்னவன் கத்துவான், நான் எதையாவது ஆரம்பித்தால் சரிம்மா பார்த்துக்கலாம்மா என்று வைத்துவிடுவாய். இந்த வீடும் எம்புட்டு வீடு என்று உனக்குத் தெரியும், அடுப்படியில் பேசினால் அடுத்த ரூமில் படுத்திருக்கிற உன் தங்கச்சிக்கு அப்படியே கேட்கும். நான் சொல்லப்போவது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வார்டில் கேஸ் ஷீட் எழுதி எழுதி என் கையெழுத்து கெட்டுப்போனது, புரியாவிட்டால் பெரிசு பண்ணிப் பார். ஆனால் முழுக்கப் படி.

மற்ற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, கேட்டால் போட்டாச்சு என்று ஒரு பொய். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. சபையில் புது ஐயர் வந்திருக்கிறார், நல்ல மனுஷன், பிரசங்கத்தை மட்டும் நிறுத்தத் தெரியவில்லை. உனக்குச் சாத்தூர்ச் சேவு வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். சின்னவனுக்கு முன்பல் ஆடுகிறது என்று கிருபா போட்டோ அனுப்பியிருந்தாள், நூலைக் கட்டி இழுத்து வைக்காதீர்கள், அது தானாக விழட்டும். அந்தப் போட்டோவை உன் தங்கச்சியிடம் நீட்டினேன். வேறு நாளாக இருந்தால் அத்தைக்காரி என்ன ஆட்டம் போட்டிருப்பாள், உடனே உங்களைக் கூப்பிட்டு வாயைத் திற, லைட் அடி என்று பாடாய்ப் படுத்தியிருப்பாள். பார்த்தாள், போனைத் திருப்பி என் கையில் கொடுத்தாள், சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் இப்படிக் கிடந்து மூன்று வாரமாகிறது சாம்.

நம் ஊருக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து நடந்ததை உன்னிடம் போனில் சொன்னேன். ஐயோ எத்தனை பேர்மா என்று கேட்டாய், சொன்னேன், டியூட்டிக்கு நேரமாச்சு என்றாய், அத்தோடு முடிந்தது. டிவியிலும் அவ்வளவுதான் வந்தது. அதில் செத்துப்போன கற்பகவல்லி என்கிற பெண் முதலில் வந்து கிடந்தது நம் ஆஷ்லினுடைய பல் கிளினிக்கில், பல் பிடுங்குகிற சேரில். அதை அப்போது உன்னிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை, இப்போது சொல்லாமல் முடியாது.

அன்றைக்குக் காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளி சீசன், கம்பெனிக் கம்பெனிக்கு ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். இந்த ஊரில் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள், நீ இங்கே வளர்ந்தவன் உனக்குத் தெரியாததா. சங்கையா என்று ஒருவன், அந்தக் கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்க மனசில்லாமல், கருகிக் கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கி அட்டைப்பெட்டி ஏற்றுகிற வண்டியில் போட்டுக்கொண்டு சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருக்கிறான். பஸ் ரோட்டுக்கு வந்ததும் அவன் கண்ணில் பட்டது ஆஷ்லின் கிளினிக் போர்டு. டாக்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, இம்புட்டுப் பக்கத்தில் டாக்டர் இருக்கும்போது எதற்குச் சாத்தூர் வரைக்கும் போக வேண்டும் என்று அங்கேயே திருப்பிவிட்டான். கூட வந்த பெண்கள் அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். உன் தங்கச்சி, இங்கன எதுக்குக் கொண்டாந்தீக, நான் பல்லு டாக்டரு, சாத்தூருக்கு விடுங்க என்று கத்தியிருக்கிறாள். உசுரு இருக்கும்மா, நீங்க பாருங்க டாக்டரம்மா என்று அழுதுகொண்டே அவர்கள் சேரில் கிடத்திவிட்டார்கள். அங்கே படுக்க வைக்க வேறு என்ன இருக்கிறது?

கூட்டத்தைப் பார்த்து நானும் ஓடினேன். நீ டாக்டர், நான் நர்ஸாக இருந்தவள், நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். முகம், நெஞ்சு, முதுகு, ரெண்டு கை, இடுப்புக்குக் கீழேயும் பாதிக்கு மேல். மூக்கு மயிர் கருகியிருந்தது. குரல் கம்மி, மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். மூச்சுக்குழாய்க்குள்ளேயும் வெந்திருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் தங்கச்சி வாயில் அடைத்திருந்த கரியையும் கோழையையும் துடைத்து எடுப்பதற்காக வாயைத் திறந்தாள், திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா, இது கற்பகவல்லிக்கா என்றாள். அதுவரைக்கும் அது யார் என்று ஒருவருக்கும் தெரியாது, கூட வந்தவர்கள் வேறு ரூமில் வேலை பார்த்தவர்கள், முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிற மாதிரி இல்லை. ஆஷ்லின்தான் அவளுக்கு உடைந்த முன்பல்லுக்குப் பல் நிறத்திலேயே தொப்பி போட்டு விட்டவள். அதற்கு முன்னால் அந்தப் பெண் சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். பல் போட்ட பிறகு நம் வீட்டுக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று பல் தெரியச் சிரித்துக் காட்டிவிட்டுப் போனாள். அந்தப் பல் மட்டும் அப்படியே வெள்ளையாக இருந்தது.

அதற்குப் பிறகு உன் தங்கச்சி ஒரு நொடியும் நிற்கவில்லை. சுத்தமான துணியை நனைத்துப் போர்த்தினாள். கையில் ஊசி போட இடமில்லை, காலில் நரம்பு பாரும்மா என்றாள், நான்தான் தேடிப் பிடித்துக் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினேன். தாடையை முன்னால் தள்ளித் தூக்கிப் பிடித்தால் மூச்சு போகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. அந்தப் பிடியை விடாமலே அவளைத் தூக்கச் சொல்லி, அதே லோடு ஆட்டோவில், வெயிலில், தகரத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தபடி ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சேரிலிருந்து தூக்கும்போது என்ன நடந்தது என்று மட்டும் எழுத மாட்டேன், அந்த ரெக்ஸினை நானே பிறகு கழுவினேன், அது போதும்.

ஆஸ்பத்திரியில் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள், ஒரு குறை சொல்ல முடியாது. கூட்டம் உள்ளே வரைக்கும் வந்துவிட்டது. அங்கே நின்ற ஒரு சின்ன வயசு டாக்டர், டாக்டர்ஸ் மட்டும் நில்லுங்க, மத்தவங்கல்லாம் வெளியே போங்க என்றார். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். உன் தங்கச்சி பிடித்திருந்த தாடையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து வெளியே வந்து நின்றுகொண்டாள். ஏம்மா நீ எதுக்கு வந்த, உள்ள நில்லு என்றேன். டாக்டர்ஸ மட்டுந்தான்மா நிக்கச் சொன்னாக என்றாள். விரல் மடங்கினது மடங்கினபடி நிமிரவில்லை, நான்தான் ஒவ்வொன்றாக நீவி விட்டேன்.

பெயர் தெரிந்ததால் கற்பகவல்லியின் புருஷன் அருள்பாண்டிக்கு உடனே போன் போனது. கேரளாவுக்கு லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்தவன், பாதி வழியில் இறங்கி, மகளையும் கூட்டிக்கொண்டு, சாத்தூரிலிருந்து அவளை மாற்றியிருந்த மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இருந்தது, ரெண்டு பேரையும் கண்ணைத் திறந்து பார்த்தாளாம். விடிவதற்குள் போய்விட்டாள். அதே விபத்தில் போன மற்ற ரெண்டு பேருடைய வீட்டுக்காரர்கள் எந்த உடம்பு யாருடையது என்று தெரியாமல் பிணவறை வாசலில் நாள் கணக்கில் கிடந்தார்கள். இதை நான் உன் தங்கச்சியிடம் பல தடவை சொல்லிவிட்டேன், நீ வாயைப் பார்த்து அடையாளம் சொன்னதால்தானே அந்தப் பிள்ளை தாயைப் பார்த்தது என்று. காதில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் துக்க வீட்டில் நடந்தது. அடக்கம் முடிந்து நாங்கள் ரெண்டு பேரும் போயிருந்தோம். கற்பகவல்லியின் கூடப்பிறந்த அண்ணன், வயிற்றெரிச்சலில் இருக்கிற மனுஷன், இவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான். ஏம்மா, பல்லுப் புடுங்குறதுக்கு எதுக்கும்மா அம்புட்டுப் பெருசா டாக்டர்னு எழுதிப் போட்டிருக்கீக, அதப் பாத்துத்தான வண்டிய அங்கன நிப்பாட்டுனான், நேரா போயிருந்தா எந்தங்கச்சி பொழச்சிருப்பால்ல என்று கேட்டான். அருள்பாண்டி ஓடி வந்து, சும்மா இரு மச்சான், அவுக இல்லாட்டி நான் அவ முகத்தையே பாத்திருக்க மாட்டேன் என்று அவனை இழுத்துக்கொண்டு போனான். அந்த அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன், தங்கச்சியைப் பறிகொடுத்தவன் எதைப் பிடித்துத்தான் அழுவான். இவளோ அப்படியே திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், போன வருஷத்துக் காலண்டர் தாள்களைத் திருப்பி வைத்துப் பசை போட்டு, போர்டில் டாக்டர் என்கிற எழுத்தை முழுக்க மூடி ஒட்டினாள். அது முடிந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். இதுவரைக்கும் திறக்கவில்லை.

அந்தப் போர்டு ஏன் அத்தனை பெரிசாக இருக்கிறது என்று உனக்குச் சொல்லவில்லை இல்லையா? நீ பார்த்தது பழைய போர்டு. உன் கல்யாணத்துக்குச் சிவகாசியில் கார்டு அடித்தோமே, அது நினைவிருக்கும். நம் ஜனங்கள் கார்டு வந்தால் வேத வசனத்தைப் படிக்கிறார்களோ இல்லையோ, பெயருக்கு முன்னாலும் பின்னாலும் என்ன போட்டிருக்கிறது என்று படிக்காமல் விட மாட்டார்கள். டாக்டர் சாம்சுந்தர், டாக்டர் கிருபா என்று போட்டு, தங்கை என்கிற இடத்தில் வெறும் ஆஷ்லின் பி.டி.எஸ். என்று போடச் சொன்னாய். என் கூடப் படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்மா, பல் டாக்டரெல்லாம் டாக்டர் என்று போட்டுக்கொள்வதா என்றாய். அவள் புரூஃபைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், கல்யாணத்தில் உன் கிருபாவுக்குப் பின்னாலேயே புடவைத் தலைப்பைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடந்தாள். பொறுக்க முடியாமல் போனது அப்பாவுக்குத்தான். நீ ஊருக்குக் கிளம்பின மறு வாரமே சிவகாசிக்குப் பஸ் ஏறி, பிரஸ்ஸில் இருக்கிற தன் பழைய மாணவனைப் பிடித்து, பஸ்ஸில் போகிறவன் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் தெரிய வேண்டும் என்று சொல்லி, டாக்டர் என்பதை ஒரு கை நீளத்துக்குச் சிவப்பில் போட்டு, அதற்குக் கீழே அவள் பெயர், அதற்கும் கீழே பல் மருத்துவமனை என்று பொடி எழுத்தில் அடித்துக் கொண்டுவந்து மாட்டினார். அப்பா, இது பல் ஆஸ்பத்திரியா பிரசவ ஆஸ்பத்திரியான்னே தெரியலயே என்று அவள் சிரித்தாள். இருக்கட்டும்மா, உங்கண்ணன் வரும்போது பாக்கட்டும் என்றார். நீ வரவில்லை. சங்கையா வந்தான்.

இப்போது அப்பா காலையில் எழுந்ததும் கிளினிக் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பூட்டின ஷட்டருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டில் அளைவார், எழுந்துவிடுவார். ஞானபூரணி, நான் பல்லுங்கிறதப் பெருசாப் போடச் சொல்லியிருக்கணும் என்று ஒரு நாள் சொன்னார். நீ கார்டில் போட்டதும், அந்தக் கோபத்தில் அவர் போர்டில் போட்டதும் எங்கே போய் முடிந்திருக்கிறது பார்.

உன் தங்கச்சி உன்னை ஏசுகிறாள் என்று நினைக்காதே. ஏசினால் எனக்கு நிம்மதியாக இருக்கும், சண்டையாவது போடுகிறாளே என்று இருப்பேன். அவள் சொன்னது இதுதான்: அண்ணன் கார்டுல சரியாத்தான்மா போட்டான். அதைச் சொல்லிவிட்டுச் சேரை விற்க ஏற்பாடு பண்ணிவிட்டாள். கோவில்பட்டியில் புதிதாகக் கிளினிக் போடுகிற ஒரு பையன் சனிக்கிழமை காலையில் வண்டியோடு வந்து கழற்றிக்கொண்டு போகப்போகிறான். இவளுக்குச் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு ஆபீசில் ஆர்டர் எடுத்து எழுதுகிற வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். ஏம்மா அஞ்சு வருஷம் படிச்ச படிப்பும்மா என்றேன். படிச்சேன், அதுக்காக டாக்டர் ஆகிருவேனா என்கிறாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கம்பெனிக்குப் போகிற பெண்கள் பல்வலிக்குக் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்கள்தானே, இவள் வந்த பிறகுதானே வாரத்துக்கு ஒரு நாள் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நீ சொல்கிற வித்தியாசமெல்லாம் தெரியாது. கால் வீங்கினாலும் இவளிடம்தான் வருவார்கள், அக்கா நான் பல்லுக்குத்தான் என்றால், நீங்க பாத்துச் சொன்னாப் போதும் டாக்டரம்மா என்பார்கள். இவளும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பஸ் எத்தனை மணிக்கு என்பது வரைக்கும் சொல்லி அனுப்புவாள்.

நீங்கள் ரெண்டு பேரும் படிக்கிற காலத்தில் போட்ட சண்டை எனக்கு மறக்கவில்லை. முப்பத்திரண்டு பல்லுக்கு ஒரு டாக்டரா என்பாய் நீ, அப்போ ரெண்டே ரெண்டு கண்ணுக்கு ஒரு டாக்டரா என்பாள் அவள், அப்பா பேப்பரை மடக்கி ரெண்டு பேர் தலையிலும் போடுவார். அது விளையாட்டு. கார்டில் போட்டது விளையாட்டில்லை பெரிய மனுஷா. நீயே போன வருஷம் சொன்னாய், அங்கே சர்ஜன் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டால் டாக்டர் என்று போட மாட்டார்கள், மிஸ்டர் என்றுதான் போடுவார்கள், அதுதான் பெருமை என்று. நான் சபையில் போய் எம்மகன் மிஸ்டர் ஆகிட்டான் என்று சொன்னால், ஏன் அதுக்கு முன்னால என்னவா இருந்தான் என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். இங்கே அந்த வார்த்தைக்காகத் தங்கச்சி மனசை உடைத்தாய், அங்கே அதையே கழற்றி வைத்துவிட்டுப் பெருமைப்படுகிறாய். என்ன நியாயமடா இது? என் சர்வீசில் நான் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவர்களையும் டாக்டர் என்றேன், டீயைக் குடித்துவிட்டு மெதுவாக வந்தவர்களையும் டாக்டர் என்றேன். அந்த லோடு ஆட்டோவில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தவளை நான் என்னவென்று கூப்பிடுவது, நீயே சொல்லு.

ஆனால் நான் கேட்பது அது இல்லை. அவளை டாக்டர் என்று கூப்பிட்டு ஆறுதல் சொல்லச் சொல்லி நான் இதை எழுதவில்லை. பாவம் பார்த்துச் சொல்கிறாய் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள், அது இன்னும் கேடு. கார்டுக்காக மன்னிப்புக் கேட்பதானால் அது உங்களுக்குள், இன்னொரு நாள் கேள். இப்போது நான் சொல்கிறபடி செய். நீ சனிக்கிழமைக்கு முன்னால் அவளைக் கூப்பிடு, வண்டியில் இருந்துகொண்டு அல்ல, உட்கார்ந்துகொண்டு கூப்பிடு. அந்தக் கேஸை முதலிலிருந்து கேள். எத்தனை மணிக்கு வந்தது, பார்த்தபோது மூச்சு எப்படி இருந்தது, நாடி எப்படி இருந்தது, வாய்க்குள் என்ன பார்த்தாய், குளுக்கோஸ் லைன் எங்கே போட்டாய், தாடையை எப்படிப் பிடித்தாய், எவ்வளவு நேரம் பிடித்தாய் என்று ஒவ்வொன்றாக, உன் ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டர் கேஸ் சொல்லும்போது எப்படிக் கேட்பாயோ அப்படிக் கேள். இதை அவளிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை சாம். எல்லோரும் அழாதே என்று சொன்னோம், சாப்பிடு என்று சொன்னோம், என்ன பண்ணினாய் என்று கேட்கவில்லை. கேட்டுவிட்டு, கிளினிக்கில் போன அந்தக் கால் மணி நேரம் போகாமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்பதற்கு உனக்குத் தெரிந்ததைச் சொல். நான் தீக்காய வார்டில் இருந்தவள், எனக்குத் தெரியும், அந்த உடம்போடு எங்கே கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள், அந்தப் பிடி இல்லாவிட்டால் சாத்தூருக்கே உயிரோடு போயிருக்க மாட்டாள். நான் சொன்னால் அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்கிறாள். நீ சொன்னால் நம்புவாள், ஏனென்றால் நீ ஒரு நாளும் அவளைத் தூக்கிப் பேசினவன் இல்லை. ஒருவேளை நான் நினைப்பது தப்பு, பிழைத்திருப்பாள் என்று உனக்குத் தோன்றினால் அதையும் மறைக்காதே. பொய்யில் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

இதற்கு மேல் எழுதக் கை வலிக்கிறது. அவள் தூங்கி எழுந்துவிடுவாள், காபி போட வேண்டும். கிருபாவுக்கு என் அன்பைச் சொல், இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. சின்னவனுக்கு ராத்திரி படுக்கும்போது சாக்லேட் கொடுக்காதீர்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஆபரேஷன் ஆபரேஷன் என்று வயிற்றைக் காயப்போடாதே. நீ அறுக்கிற, தைக்கிற உன் ரெண்டு கைகளையும் கர்த்தர் ஆசீர்வதித்து, உன் வீட்டுக்குள் சமாதானத்தைக் கொடுத்து, ஒரு ஆபத்தும் அண்டாமல் உங்களைக் காக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஜெபிக்கிறோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பையன் வண்டியோடு வந்துவிடுவான், உங்கள் ஊர் மணி வேறு என்பதை நினைப்பில் வைத்துக்கொள்.

உன்மேல் உயிராக இருக்கிற அம்மா,
ஞானபூரணி யோபு.

மறுபடியும் பேனாவை எடுக்கிறேன் சாம், போட்டோ எடுக்கலாம் என்று இருந்தேன், அதற்குள் வாசலில் ஆள் சத்தம். போய்ப் பார்த்தால் அருள்பாண்டி, மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அந்தப் பிள்ளை முத்துச்செல்விக்குக் கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறியிருக்கிறது, வலியில் அழுதுகொண்டிருக்கிறாள். கிளினிக் பூட்டிக் கெடக்கு, டாக்டரம்மா வீட்டுல இருக்காகளா என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் ஆஷ்லினே எழுந்து வந்துவிட்டாள். பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து, வெளிச்சத்துப் பக்கமாகத் திருப்பி, தாடையின் கீழே விரலை வைத்து, ஆ காட்டு தங்கம் என்றாள். வீங்கின இடத்தைத் தடவிப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கா, எத்தனை நாளா, முழுங்க முடியுதா என்று கேட்டாள், பழைய குரல் அப்படியே வந்தது. சீழ் கோத்திருக்கு, இன்னைக்கே கீறி விடணும், வச்சுக்கிட்டே இருக்கக்கூடாது என்றாள். நான் சாவியை எடுக்க உள்ளே ஓடினேன். சாவியோடு வந்து பார்க்கிறேன், அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அருள்பாண்டியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சாத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருங்கண்ணே, அங்கன நல்ல டாக்டரா யார்ட்டயாச்சும் காமிங்க என்று. அவன் ஒன்றும் புரியாமல் அவளையும் என் கையிலிருந்த சாவியையும் பார்த்தான், பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். இவள் கதவைச் சாத்திக்கொண்டாள், உள்ளே அழுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. சனிக்கிழமை வரைக்கும் தள்ளாதே. இதைப் படித்ததும் கூப்பிடு.